வல்வெட்டித்துறைக்கு ஒரு கார் சீற் தேடிப் போன நாள்

இந்த வலைப்பதிவில் நான் வழக்கமாக எழுதுவது விடுமுறைப் பயணங்களைப் பற்றி. இது விடுமுறைப் பயணம் அல்ல. எழுபது கிலோமீற்றர் கூட ஓடவில்லை, குடாநாட்டை விட்டு வெளியே போகவுமில்லை. ஆனாலும் கைக்குழந்தையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் காரில் போக இருப்பவர்களுக்கு என்னுடைய மற்றப் பதிவுகளை விட இது உதவும் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை மழை தொடங்கியிருந்த நேரம். எங்கள் மகள் ஆதிரைக்கு நான்கு மாதம். பிறக்கும்போதே இதயத்தில் குறையோடு பிறந்தவள். கொழும்பில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அழைப்பு வந்தது: வெள்ளி காலை வந்து அனுமதியாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

இங்கே அவளைப் பார்த்து வந்த வைத்தியர் பஸ்ஸும் ரயிலும் வேண்டாம் என்றார். சனக்கூட்டத்தில் ஒரு தடிமன் தொற்றினாலே சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்து விடுவார்களாம். கார் என்றால் மடியில் வைத்துக்கொண்டு போகக்கூடாது, கைக்குழந்தைக்கான சீற் வேண்டும், ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெளியே எடுக்க வேண்டும் என்றார். வீறிட்டு அழுது உதடு நீலமானால் இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடித்துப் பிடிக்கச் சொல்லிக் காட்டியும் தந்தார். அதை நானும் என் கணவர் சுகந்தனும் வீட்டில் பொம்மையை வைத்துப் பழகியிருந்தோம்.

எங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள் மட்டும். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும் குலம் அண்ணையின் காரை வாடகைக்குப் பேசினோம். கொழும்புக்கு ஒரு வழி ஐம்பத்தையாயிரம் ரூபா, வியாழன் விடிய நான்கு மணிக்குப் புறப்படுவது. ஆக, சீற் தேட எங்களுக்கு இருந்தது புதன்கிழமை மட்டும்தான். அதற்கும் அவருடைய காரையே எடுத்தோம், எரிபொருளோடு ஒன்பதாயிரம். எந்தக் காரில் போகப்போகிறீர்களோ அந்தக் காரில் பூட்டிப் பார்க்காமல் சீற் வாங்காதீர்கள். ஆதிரையையும் கொண்டுபோனோம். தாய்ப்பால் மட்டும் குடிப்பவளை விட்டுவிட்டு நான் நாள் முழுக்க அலைய முடியாது.

குலம் அண்ணைக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. "தங்கச்சி, நான் எத்தினை பிள்ளையளை ஏத்தி இறக்கியிருக்கிறன். எல்லாரும் மடியிலை வைச்சுக்கொண்டுதான் போகினம்," என்றார். எரிச்சலோடு சொல்லவில்லை. எங்கள் காசு வீணாகிறதே என்றுதான்.

காலை ஒன்பதரைக்கு யாழ் நகரத்தில் முதல் கடை. கண்ணாடிக்குப் பின்னால் புத்தம்புது சீற், அறுபத்து நாலாயிரம். பக்கத்தில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். ஒன்பது கிலோவுக்கு மேல், முன்பக்கம் பார்த்து இருத்த வேண்டியது. ஆதிரை ஐந்து கிலோ கூட இல்லை. கடைக்காரர் பின்னால் ஒரு தலையணையை வைத்தால் சரியாகிவிடும் என்றார். சரியாகாது. கழுத்து நிற்காத குழந்தை பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கார் சடுதியாக நின்றால், தலையையும் முதுகையும் ஒன்றாகத் தாங்குவதற்குச் சீற்றின் முதுகு இருக்கும். முன்னுக்குப் பார்த்து இருத்தினால் அந்தப் பாரமான தலையை மெல்லிய கழுத்து தனியாகத் தாங்க வேண்டும்.

இரண்டாவது கடையில் முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒன்று. அழகான துணி. ஆனால் எந்தப் பாதுகாப்புத் தரத்துக்குச் செய்தது என்ற முத்திரை எங்கேயும் இல்லை, காரின் பெல்ற்றை எதற்குள்ளால் கொண்டுபோவது என்பதற்கும் வழியில்லை. மூன்றாவது கடையில் கொழும்பிலிருந்து மூன்று நாளில் எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார்கள். கொழும்புக்குப் போவதற்கான சீற் கொழும்பிலேயே இருந்தது.

காருக்குள் இருந்து நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது சுகந்தன் தொலைபேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தார். வல்வெட்டித்துறையில், பாவித்தது, பின்பக்கம் பார்க்கும் கைக்குழந்தைச் சீற், பதினையாயிரம். படத்தில் புதிதுபோலத்தான் இருந்தது. எடுத்துக் கதைத்தோம். விற்பவர், நகுலன் என்று பெயர், தான் வள்ளத்தடியில் நிற்பதாகவும் மனைவி வீட்டில் இருப்பா, போய்ப் பாருங்கோ என்றும் சொன்னார்.

கொக்குவிலிலிருந்து வல்வெட்டித்துறை இருபத்தெட்டு கிலோமீற்றர் அளவில். கோண்டாவில், உரும்பிராய், அச்சுவேலி, தொண்டைமானாறு என்று போகிற பாதை. மழை இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலம். அன்று மழை. நான் பின் சீற்றில் பெல்ற் போட்டுக்கொண்டு ஆதிரையை மடியில் வைத்திருந்தேன். சீற் இல்லாமல்தானே சீற் வாங்கப் போக வேண்டும்?

அச்சுவேலி தாண்டி ஒரு வளைவில், மதகடியில் நின்ற மாடு ஒன்று ரோட்டுக்கு ஏறியது. குலம் அண்ணை பிரேக்கை அழுத்தினார். வேகம் ஒன்றும் பெரிதில்லை, நாற்பது இருக்கும். கார் ஈரத்தில் சற்று வழுக்கி நின்றது. மாட்டில் படவில்லை. யாருக்கும் காயமில்லை.

ஆனால் என் பெல்ற் என்னைப் பிடித்த அதே கணத்தில் ஆதிரை என் கையை விட்டுப் போனாள். நான் விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கித்தான் பிடித்திருந்தேன். அப்படியிருந்தும் அவள் முன் சீற்றின் முதுகில் போய் மோதி, என் முழங்காலுக்கும் அதற்கும் இடையில் தங்கினாள். பஞ்சுபோன்ற இடத்தில் பட்டது எங்கள் நல்ல காலம். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு வீறிட்டாள்.

அழ அழ உதடு கறுத்தது. பிறகு மூக்கடி. பிறகு நகங்கள். நான் அவளை நெஞ்சோடு சேர்த்து முழங்கால்களை மடித்துப் பிடித்தேன். சுகந்தன் முன்னாலிருந்து பாய்ந்து வந்து கதவைத் திறந்து, அவளின் முகத்தைப் பார்த்தபடி மழைக்குள் நின்றார். பொம்மையில் பழகியது வேறு. இவள் உதைத்தாள், மூச்சுக்கு அவதிப்பட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மெதுமெதுவாக அழுகை முனகலாகியது, உதட்டில் நிறம் திரும்பியது. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தோம். இப்போது எப்படி மூச்சு விடுகிறாள், தலையில் வீக்கம் இருக்கிறதா, பால் குடிக்கிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடித்தாள். வீக்கமும் இல்லை. கவனித்துக்கொள்ளுங்கள், திரும்பவும் நீலமானால் அல்லது சத்தி, வாந்தி எடுத்தால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள் என்றார்.

குலம் அண்ணை இறங்கி ரோட்டோரம் நின்றிருந்தார். திரும்பி வந்து காரை எடுத்தபோது, "எங்கை சீற் இருக்குதோ அங்கை போவம்," என்றார். அதற்குப் பிறகு முப்பதுக்கு மேல் ஓடவில்லை.

வல்வெட்டித்துறையில் வீட்டைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. நகுலனின் மனைவி தயாளினிக்கு என் வயதுதான் இருக்கும். சீற்றைக் கழுவித் துடைத்து விறாந்தையில் வைத்திருந்தார். நான் கவிழ்த்து அடியைப் பார்த்தேன். செய்த ஆண்டு அச்சிட்டிருந்தது, காலாவதியாக இன்னும் இரண்டு வருடம். வெடிப்பு இல்லை. பெல்ற்றுகள் நையவில்லை. கொளுக்கி 'டக்' என்று பூட்டியது. சுகந்தன் காசை எடுக்கக் கையைப் பொக்கற்றுக்குள் விட்டார்.

தயாளினி சீற்றைப் பார்க்கவில்லை. என் தோளில் கிடந்த ஆதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். சொன்னேன். விடிய கொழும்புக்குப் போவதையும் சொன்னேன். 

"அக்கா, இதை எடுக்காதேங்கோ," என்றார்.

போன வருடம் கொழும்பிலிருந்து வரும்போது கிளிநொச்சிக்கு அங்காலே அவர்களின் கார் நின்ற லொறி ஒன்றில் மோதியதாம். தயாளினிக்குக் கை முறிந்தது. நகுலனுக்கு நெற்றியில் தையல். மகன் இந்தச் சீற்றில் இருந்தான், ஒரு கீறல் இல்லை. மோதிய சீற்றைத் திரும்பப் பாவிக்கக் கூடாது என்று வைத்தியசாலையில் ஒரு தாதி சொன்னதை நகுலனுக்கும் சொல்லியிருக்கிறார். வெளியிலே ஒன்றும் தெரியாது, உள்ளே எங்கே நொந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நகுலன் நம்பவில்லை.

"தெரியாத ஆக்கள்தானே, பேசாமல் குடுப்பம் எண்டுதான் இருந்தனான். பிள்ளையைக் கண்டாப்பிறகு ஏலாமல் கிடக்கு."

அந்த நேரம் பார்த்து நகுலன் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனிசன், எங்களை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி குடித்தீர்களா என்று கேட்டார். விசயம் தெரிந்ததும் முகம் மாறியது. சீற்றைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். "பாருங்கோ, ஒண்டும் உடையேல்லை. உவ சும்மா பயப்பிடுறா. வேணுமெண்டால் பத்துக்குத் தாறன்."

உண்மையைச் சொல்கிறேன், நான் தடுமாறினேன். மதியம் தாண்டிவிட்டது. வேறு சீற் இல்லை. மடியில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான் கண்டிருந்தேன். ஒன்றும் இல்லாததை விட இது பரவாயில்லையே என்று சுகந்தனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

தயாளினி உள்ளே போனார். மீன் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்து, சீற்றின் முன்னால் குந்தி, தோள் பெல்ற் இரண்டையும் அறுத்தார். தடித்த பெல்ற், லேசில் அறவில்லை. கத்தியை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து அறுத்தார். 

"இனி ஒருத்தரும் கேக்காயினம்," என்றார்.

நகுலன் படியில் இருந்துவிட்டார். மனைவியை ஏசுவார் என்று பயந்தேன், எங்களால் வந்த பிரச்சினை என்று எழும்பவும் பார்த்தேன். அவர் நெற்றித் தழும்பைத் தடவினார். பிறகு தொலைபேசியை எடுத்தார். தொண்டைமானாற்றில் அவருடைய மச்சாள் ரஜனி. ரஜனியின் தங்கை கோயில் திருவிழாவுக்குப் பிரான்சிலிருந்து வந்தபோது கொண்டுவந்த சீற்றைத் திரும்பக் கொண்டுபோகவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. இரண்டு நிமிடம் கதைத்தார். "இருக்காம். போங்கோ, நான் சொல்லிப்போட்டன்," என்றார். வாசல் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

தொண்டைமானாற்றில் ரஜனி சீற்றை எடுத்து வைத்திருந்தார். இந்த முறை நான் அவசரப்படவில்லை. பிரான்சிலிருந்த தங்கையோடு வீடியோவில் கதைத்தேன். புதிதாக வாங்கியது, ஒரு மோதலும் இல்லை, வாங்கி மூன்று வருடம். ரஜனி விலை சொல்லவில்லை, கொழும்புக்குப் போய்வந்து திருப்பித் தந்தால் காணும் என்றார்.

பூட்டுவதுதான் பெரும்பாடு. பின் சீற்றின் நடுவில் இடுப்புப் பெல்ற் மட்டும். இந்தச் சீற்றுக்குத் தோள் பெல்ற்றும் வேண்டும். இடப்பக்கம் வைத்தால் பெல்ற் எட்டவில்லை, ஒரு சாண் குறைந்தது. முன் சீற்றில் வைப்போமா என்று குலம் அண்ணை கேட்டார். முன்னால் காற்றுப்பை இருக்கிறது, அது விரிந்தால் நேரே குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும், கூடவே கூடாது. நான் அழத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். சுகந்தன் சீற்றின் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைத் தொலைபேசி வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் பார்த்தார். நாங்கள் தோள் பெல்ற்றைப் பிழையான கொளுக்கியால் சுற்றியிருந்தோம். சரியான வழியால் கொண்டுபோனதும் எட்டியது, இரண்டு விரல் மிச்சமும் இருந்தது. குலம் அண்ணை முழங்காலால் சீற்றை அழுத்த, சுகந்தன் இழுத்துப் பூட்டினார். பெல்ற் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலம் கூட அசையவில்லை.

ஆதிரையை இருத்தினோம். தலை முன்னால் விழுந்து நாடி நெஞ்சில் முட்டியது. அப்படி முட்டினால் சின்னக் குழந்தைக்கு மூச்சு அடைக்கும், இவளுக்குச் சொல்லவே வேண்டாம். கையேட்டை இணையத்தில் தேடிப் பார்த்தோம், சுருட்டிய துவாயைக் கால்பக்கத்தின் அடியில் வைக்க அனுமதி இருந்தது. எல்லாச் சீற்றுக்கும் அப்படி இல்லை, கட்டாயம் பாருங்கள். துவாயை வைத்ததும் தலை பின்னால் சாய்ந்தது. அவள் கொட்டாவி விட்டாள்.

வியாழன் விடிய நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ஆனையிறவு தாண்டும்போது வெளிக்கத் தொடங்கியது. நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வழியெல்லாம் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆறு இடத்தில் நிறுத்தினோம். பதினொரு மணித்தியாலம் எடுத்தது. ஒருமுறைதான் அழுதாள், உதடு நீலமாகவில்லை. அடுத்த வாரம் சத்திரசிகிச்சை நடந்தது. நாற்பதாம் நாள் அதே சீற்றில் திரும்பி வந்தாள். ரஜனியிடம் சீற்றைக் கொடுத்துவிட்டு, வல்வெட்டித்துறைக்குப் போய் ஆதிரையைத் தயாளினியின் கையில் கொடுத்தேன். நகுலன் மீன் கறியோடு சாப்பிட வைத்துத்தான் விட்டார்.

நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால்: பிரசவத் திகதிக்கு முன்பே தேடத் தொடங்குங்கள், என்னைப்போல ஒரு நாளில் அலையாதீர்கள். விலை கூடியது எல்லாம் பொருத்தமானது அல்ல, நிறையையும் உயரத்தையும் பாருங்கள். குழந்தையைப் போர்த்திக்கொண்டு பெல்ற் போடாதீர்கள். பெல்ற்றை இறுக்கி, அதற்கு மேலால் போர்வையைப் போடுங்கள். தோளடியில் பெல்ற்றைக் கிள்ளிப் பாருங்கள், விரலுக்குள் மடிப்பு அகப்பட்டால் இன்னும் தளர்வு. மூத்த பிள்ளைகளுக்கும் சீற் வேண்டும், பெரியவர்களின் பெல்ற் அவர்களின் கழுத்தில்தான் வந்து விழும். குறைமாதக் குழந்தை, வருத்தக்காரக் குழந்தை என்றால் வைத்தியரைக் கேட்காமல் எதிலும் இருத்தாதீர்கள்.

பாவித்த சீற் வாங்குவதில் பிழையில்லை, எல்லாராலும் அறுபதாயிரம் கொடுக்க முடியாது. ஆனால் விற்பவரிடம் "அடிபட்டதா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள். இதில் இருந்த பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு பொய் சொல்வது லேசில்லை. வீடியோவில் நான் அப்படித்தான் கேட்டேன். ரஜனியின் தங்கை தொலைபேசியைத் திருப்பிக் காட்டினார். மூன்று வயதுப் பையன் ஒருவன் கதிரைக்கு மேல் ஏறி நின்று, குதிக்கட்டா என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தான்.