கத்தரிப்பூ நிறத்தில் என் எலும்புகள்

என் உடம்பு ஒரு காலத்தில் வரைபடமாக இருந்தது. தோளிலிருந்து விரல்நுனி வரை ஊதாக் கோடுகள். ஓரங்களில் வாய்க்குள் அடங்காத பெயர்கள். மணிக்கட்டில், கரையை விட்டுப் பிரிய மனமில்லாத தீவுகள் போல, எட்டுக் குட்டி வட்டங்கள். வேர்த்தால் கலையாது, நனைந்தால் இன்னும் துலங்கும். வரைந்தவள் என் தங்கை.

வைத்தியப் படிப்பு எங்கள் குடாநாட்டுக்கே வந்து சேர்ந்த புதிது அது. அரியாலையில் எங்கள் வீட்டிலிருந்து தங்கை பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவாள். நானும் அதே பஸ். அவள் பாதி வழியில் கைதடியில் இறங்க, நான் சாவகச்சேரி வரை போவேன். அங்கே நீதிமன்றத்தில் கிளாக்கர் வேலை. எங்கள் தகப்பன், ஐயாவுக்குக் கொழும்பில் கந்தோர் உத்தியோகம். மாதத்தில் ஒருமுறை மெயில் ரயிலில் வந்து, வீட்டு வழக்குகள் எதையும் விசாரியாமலே திரும்பிப் போய்விடுவார். அதனால் வீட்டில் நீதிபதியும் அம்மா, பொலிசும் அம்மா.

நான் அப்போது மெலிவு. சும்மா மெலிவல்ல. வெயிலில் நின்றால் என் நிழலுக்கும் விலா எலும்பு தெரியும். அம்மாவுக்கு அது பெரிய மனக்குறை. எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார். விடிந்ததும் முட்டைக்கோப்பி, மதியம் நல்லெண்ணெய் மிதக்கும் கறி, இரவில் உழுத்தங்களி. எல்லாம் உள்ளே போயின. எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் தங்கை ஓர் உமலோடு வீட்டுக்கு வந்தாள். மீன் வாங்கப் போகும் பனையோலைப் பை. அம்மா மீன் என்றே நினைத்துக் கையை விட்டார். பிறகு கையை எடுத்த வேகத்தில் குசினிப் பூனை மதிலேறிப் போனது.

"எடியே, என்னடி உது?"

"கையம்மா."

"கையோ?"

"கை எலும்பு. கூடப் படிக்கிற பிள்ளையிட்டை இரவல் வாங்கினது. பெட்டியிலை கொண்டுவந்தால் பஸ்ஸிலை சனம் கேக்கும் எண்டு..."

"சாமியறை இருக்கிற வீட்டுக்கை செத்தவன்ரை கையோ? நாளைக்கே குடுத்துப்போடு. இனிமேல் இந்தப் படலைக்குள்ளை ஓர் எலும்பும் வரப்படாது!"

அம்மா கிணற்றடிக்குப் போய்த் தலையில் அள்ளி அள்ளி ஊற்றினார். உமல் அன்றிரவு வேலியோரம் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே படுத்தது. தங்கை விறாந்தையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழாக்குறையாய் உட்கார்ந்திருந்தாள். காரணம் இருந்தது.

கை எலும்புகளும் மூட்டுகளும் பற்றிய வாய்மொழிப் பரீட்சையில் அவள் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்தாள். படிக்காமல் அல்ல. இரவெல்லாம் நித்திரையில்கூட எலும்புகளின் பெயர் சொல்லுவாள். ஆனால் வயதான ஓர் ஆண் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பரீட்சகர் ஓர் எலும்பை நீட்டியிருக்கிறார். இவள் வாங்கினாள், பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அடுத்தமுறை வரேக்கை வாயையும் கொண்டு வாரும்" என்றாராம். அந்த அடுத்தமுறை இன்னும் சில வாரங்களில். இதிலும் தவறினால் கூட்டாளிகளை விட்டுப் பிரிந்து, பின்னால் வருகிறவர்களோடு முதலிலிருந்து உட்கார வேண்டும்.

அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கசாப்புக் கடைக்காரன் ஆட்டைப் பார்ப்பது போல என்று சொன்னால் அவள் கோபிப்பாள், அதனால் சொல்லவில்லை.

"அண்ணை, சேட்டைக் கழட்டுங்கோ."

"ஏன்?"

"எலும்பு வெளியிலையிருந்து வரப்படாது எண்டுதானே அம்மா சொன்னவ?"

இப்படித்தான் மேல்சட்டை இல்லாமல் நான் பாடப்புத்தகமானேன். என் கந்தோரில் ஒரு பென்சில் உண்டு. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகிவிடும், அழிக்க ஏலாது. அதில் ஒன்று அவளிடம் போய்ச் சேர்ந்தது. விளக்குக்குக் கீழே பாய் விரித்து என்னை உட்கார்த்தி, தோளிலிருந்து தொடங்குவாள். காறை எலும்பு, தோட்பட்டை, மேற்கை எலும்பு. அவளுக்கு அவை கிளாவிக்கிள், ஸ்கப்புலா, ஹியூமரஸ். நான் இத்தனை வருடம் வெறும் 'தோள்மூட்டு' என்று சொல்லி அவமதித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெரிய குடும்பமே குடியிருந்தது.

முழங்கையின் உட்பக்கத்துக் குமிழுக்குப் பின்னால் ஒரு நரம்பு ஒளிந்திருக்கிறது. அதை விரலால் சுண்டுவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு.

"சின்னவிரலுக்குப் போகுதோ அண்ணை?"

"மேலோகத்துக்குப் போகுது."

"அப்ப சரியான இடம்தான்."

முன்கையில் இரண்டு எலும்புகள், ரேடியஸும் அல்னாவும். உள்ளங்கையை மேலே பார்க்க ஏந்தினால் இரண்டும் பக்கம் பக்கமாக, தண்டவாளம் போலக் கிடக்கும். கையைக் கவிழ்த்தால் ஒன்று மற்றதன் மேல் குறுக்கே ஏறிவிடும். அதைக் கேட்ட பிறகு நான் பஸ்ஸில் கையை ஏந்துவதும் கவிழ்ப்பதுமாக இருந்தேன். ஏந்துகிற கைக்குள் ஒரு சண்டையும் இல்லை. கவிழ்க்கிற கைக்குள்தான் ஒருவரை ஒருவர் மிதிக்கிறார்கள். பக்கத்து இருக்கைப் பெண்பிள்ளை ஒருத்தி இடம் மாறி உட்கார்ந்தாள்.

இதற்கிடையில் வீட்டில் யுத்தம்.

"பரீட்சை முடியுமட்டும் அண்ணைக்கு முட்டை குடுக்காதேங்கோ அம்மா."

"ஏனடி?"

"கொழுப்பு வைச்சால் எலும்பு மறைஞ்சிடும்."

"மறையவேணும் எண்டுதானேடி நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்!"

நான் இருவருக்கும் நடுவில் முட்டைக்கோப்பியோடு நின்றேன். குடித்தால் தங்கை முறைப்பாள், வைத்தால் அம்மா. பாதி குடித்து இருவரிடமும் ஏச்சு வாங்கினேன்.

பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்திய வியாழன் இரவு, கடைசி மீட்டல் என்று சொல்லி, தங்கை தன் திறமை முழுவதையும் என்மேல் இறக்கினாள். இரண்டு தோளும், இரண்டு கையும், முதுகில் இரண்டு முக்கோணமும். அடுத்த நாள் நீளக்கைச் சேட்டோடு வேலைக்குப் போய், பின்னேரம் திரும்பினால், அம்மா பட்டுச் சேலையில் நிற்கிறார்.

"தம்பி, கெதியாய்க் குளிச்சிட்டு வேட்டியைக் கட்டு. கோயிலுக்குப் போறம். சண்டிலிப்பாயிலையிருந்து பெண்வீட்டார் உன்னைப் பாக்க வருகினம்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால், சரிவராவிட்டால் இரு பகுதிக்கும் மனக்கசப்பு. கோயிலென்றால் தற்செயலாகச் சந்தித்தது போல இருக்கும். முன்கூட்டியே சொன்னால் நான் சாவகச்சேரியிலேயே தங்கிவிடுவேன் என்று அம்மா மறைத்திருக்கிறார். கணக்குச் சரிதான். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். எங்கள் கோயிலுக்குள் ஆண்பிள்ளை மேல்சட்டையோடு போக முடியாது.

சேட்டைக் கழற்றினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தங்கை மெதுவாகக் குசினிப் பக்கம் நகர்ந்தாள்.

கிணற்றடியில் சவர்க்காரம், தும்பு, தேசிக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தார்கள். தண்ணீர் பட்டதும் அந்த ஊதா உயிர் பெற்று எழுந்தது. மங்கியிருந்த எழுத்தெல்லாம் இப்போது வாசிக்கலாம். கடைசியில் அம்மாவுக்கே யோசனை வந்தது. திருநீறு! முறைப்படி பூசுகிறவர்கள் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூட்டு மூட்டாகத்தானே பூசுகிறார்கள். நீரில் குழைத்து என்னை வெள்ளையடித்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், பழுத்த சிவபக்தன்.

கோயிலுக்குப் போய்ச் சேருமுன் திருநீறு காய்ந்தது. காயும்போது கீழே கிடந்த ஊதாவையும் உறிஞ்சிக்கொண்டது. பூசை முடிந்து தீபம் காட்டும்போது குனிந்து பார்க்கிறேன்: மூட்டு மூட்டாக இருந்த குறியெல்லாம் நல்ல கத்தரிப்பூ நிறம். விபூதி தர வந்த ஐயர், என் நெற்றிக்குப் போகவேண்டிய விரலை அந்தரத்தில் நிறுத்தி ஒருகணம் யோசித்தார்.

வெளியே வாசலில் அவர்கள் நின்றார்கள். பெண், தாய், பெண்ணின் பெரியப்பா. பெரியப்பாதான் தலைமை. புகையிலைத் தோட்டக்காரர். உயரம், நரைத்த மீசை, ஒரு கையில் குடை, மடியில் மூக்குத்தூள். சிரிப்பதற்குச் செலவாகும் என்று நினைக்கிற முகம். என்னைச் சுற்றி ஒரு முழுப் பிரதட்சணம் வந்தார்.

"தம்பி, உதென்ன தேமலோ?"

அம்மா முந்திக்கொண்டார். "ஐயோ இல்லை, அது மருந்து பூசினது."

"என்ன வருத்தத்துக்கு மருந்து?"

அம்மா என் இடுப்பிலிருந்த சால்வையை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினார். பெண்ணின் தாய் பெண்ணைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற தங்கையின் நகம் என் முதுகில் பதிந்தது. ஸ்கப்புலாவின் உள்விளிம்பு என்று நினைக்கிறேன். எதிரே வயதான ஆண். கேள்வி. அவளுடைய நாக்கு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தோல் வருத்தம் எண்டால் ஒளிக்கப்படாது தங்கச்சி" என்றார் பெரியப்பா அம்மாவிடம். "பிள்ளையின்ரை வாழ்க்கை."

நகம் விலகியது. தங்கை எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணைக்கு ஒரு வருத்தமுமில்லை. உது எலும்பு."

பெரியப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எலும்பு எல்லாருக்கும் உள்ளுக்கைதானே பிள்ளை கிடக்கிறது?"

"நான் வெளியிலை கீறிப் படிக்கிறனான். டொக்டருக்குப் படிக்கிறன்."

"ஓமோ?" குடைநுனி என் தோளுக்கு வந்தது. "அப்ப இதென்ன?"

"காறை எலும்பு. கையை உடம்போடை எலும்பாலை தொடுக்கிறது இது ஒண்டுதான். மிச்சம் முழுக்கத் தசைதான் பிடிச்சு வைச்சிருக்குது. கையை ஊண்டி விழுந்தால் முதல் முறியிறதும் இதுதான்."

"இது?"

"தோள்மூட்டு. மேற்கை எலும்பின்ரை தலை பந்து மாதிரி. அது இருக்கிற குழி சின்னத் தட்டம் மாதிரி. ஆழமில்லை. அதாலைதான் கை எல்லாப் பக்கமும் சுழலுது. அதாலைதான் கெதியாய்க் கழண்டும் போகுது."

"என்ரை தோள் மாரியிலை குத்தும்."

"எங்கை, கையைத் தூக்குங்கோ பாப்பம். அப்பிடியில்லை, பக்கவாட்டிலை. இன்னும் மேலை."

சண்டிலிப்பாய்ப் பெரியப்பா, கோயில் வாசலில், குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கினார். சனம் கூடியது. பொங்கல் வாங்க வந்த ஒரு கிழவர் வேட்டியை உயர்த்தி, "பிள்ளை, என்ரை முழங்காலையும் ஒருக்காப் பார்" என்றார். "கால் அடுத்த தவணைதான் ஐயா" என்றாள் தங்கை, திரும்பிப் பாராமலே. பெரியப்பா குடையைத் திருப்பி வாங்கினார்; அதன் நுனி என் முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கியது. எந்த இடத்திலும் அவள் நிற்கவில்லை. நான் கையை ஏந்து என்றால் ஏந்தினேன், கவிழ் என்றால் கவிழ்த்தேன். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் என்பது எனக்கே மறந்துபோயிற்று.

கடைசியில் பெருவிரலின் அடியில் நின்றது குடை.

"பெருவிரலை நிமித்துங்கோ அண்ணை. பாருங்கோ, ஒரு குழி விழுகுதெல்லோ? வெள்ளைக்காரர் இதுக்கு மூக்குத்தூள் பெட்டி எண்டு பேர் வைச்சவை. முந்தி இதுக்குள்ளை போட்டுத்தான் இழுக்கிறவையாம்."

பெரியப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். மடியை அவிழ்த்தார். தன் பெருவிரலை நிமிர்த்தி, குழியில் ஒரு சிட்டிகை வைத்து, இழுத்தார். பெரிய தும்மல் ஒன்று போட்டார். கோயில் மணிக்கூண்டில் இருந்த புறாக்கள் எழும்பின.

"இவ்வளவு காலமும் பெட்டியைக் கையிலை வைச்சுக்கொண்டு மடியிலை கட்டித் திரிஞ்சிருக்கிறன்" என்றார். சிரித்தார்கூட.

போகும்போது அம்மாவைத் தனியே கூப்பிட்டார். "பெடியன் குணமான பெடியன்தான். ஆனால் சரியான மெலிவு. பேந்து சொல்லி அனுப்புறம்." பிறகு குடைநுனியால் தங்கையைக் காட்டினார். "பிள்ளைக்குச் சாதகம் எழுதிக் கிடக்கோ? என்ரை மூத்தவனுக்குப் பாக்கிறம்."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முன்னால் நடந்தார். அழுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை. தங்கை என் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒழுங்கை முடக்கில் திடீரென்று நின்றாள்.

"அண்ணை, நான் கதைச்சனான்."

"ஓம். கைதடி வரைக்கும் கேட்டிருக்கும்."

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அவள் படிக்கும் இடத்து வாசலில் ஒரு வேம்பின் கீழ் நின்று, கையை ஏந்திக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டி வந்தாள். அதே பரீட்சகராம். முன்கை எலும்பொன்றை நீட்டி, இடமோ வலமோ என்றிருக்கிறார். அவள் திருநீறு வாங்குகிற மாதிரிக் கையை ஏந்தி, அதன்மேல் எலும்பை வைத்துப் பார்த்து, வலம் என்றிருக்கிறாள். பிறகு நிறுத்தவில்லை. கேளாததையும் சொல்லியிருக்கிறாள். அவர்தான், "காணும், காணும்" என்றாராம். "போனமுறை வீட்டிலை விட்டிட்டு வந்ததைக் கொண்டு வந்திட்டீர் போலை."

"பயமாயிருக்கேல்லையோ?" என்றேன்.

"அவரின்ரை பென்சில் எனக்குக் குடை மாதிரித் தெரிஞ்சுது."

அன்று பின்னேரமே முடிவைப் பலகையில் போட்டார்கள். பாஸ். இருட்டுமுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். செய்தி கேட்ட அம்மா நேரே குசினிக்குள் போனார். முட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு முட்டையின் சத்தம். கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இனி இவன் என்ரை பொறுப்பு. அடுத்த பெண்வீட்டார் வரமுதல் உருப்படியாக்கிக் காட்டுறன்."

நான் ஏந்திக்கொண்டேன். முன்கைக்குள் இரண்டு எலும்பும் சமாதானமாகக் கிடந்தன. முதல் மிடறு தொண்டைக்குள் இறங்கவில்லை, அதற்குள் விளக்கடியில் பாய் விரிக்கும் சத்தம்.

"அம்மா, அந்தக் கோப்பியை அங்காலை வையுங்கோ" என்றாள் தங்கை. அவள் நாக்கில் ஊதா. "அண்ணை, வேட்டியை முழங்காலுக்கு மேலை மடிச்சுக் கட்டுங்கோ பாப்பம்."