ஆட எட்டுப் பேர் வேண்டும்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி.

தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கோடைக்கு ஸ்காபரோவில் பாதிச் சனம் அங்கே நிற்கும். ரொறன்ரோவிலிருந்து அயர்லாந்தின் டப்ளினுக்கு ஆறரை மணி நேர விமானம், அங்கிருந்து கோல்வேக்கு இரண்டரை மணி நேர பஸ், பிறகு இன்னொரு பஸ், கடைசியில் முக்கால் மணி நேரப் படகு. படகில் போய்வர ஆளுக்கு முப்பது யூரோ. "சனமில்லாத இடமாப் பாருமப்பா" என்று, பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை செய்து களைத்த என் மனுசன் குணம் கேட்டதால் வந்த வினை.

படகோட்டி சோன் எங்கள் பெட்டிகளை இறக்கிவிட்டு, "பிரிஜித் காத்துக்கொண்டு நிக்கிறா. நீங்கள்தான் அவவின்ர கடைசி விருந்தாளிகள்" என்றார். அவர்கள் பேசிய இங்கிலீசை எங்கள் பாஷையிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

எங்களுக்கு அறை தந்த பிரிஜித்துக்கு எழுபத்தாறு வயது. "ஞாயிற்றுக்கிழமை உங்கட படகிலதான் நானும் போறன். கோல்வேயில மகள் அறை ஒழுங்குபடுத்திப் போட்டாள்" என்றார், உருளைக்கிழங்கை மசித்தபடி.

"போக விருப்பமோ?"

"மகளுக்கு விருப்பம்."

ஒரு காலத்தில் நூறு பேருக்கு மேல் இருந்த தீவில் இப்போது இவரையும் சேர்த்து எட்டுப் பேர். கூரை போன வீடுகளுக்குள் செம்மறிகள் படுத்திருக்கின்றன.

சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி. மூடிவிட்ட பள்ளிக்கூடத்தில் பிரிஜித்துக்குப் பிரியாவிடை. போகமுன் ஊர் ஆட்டத்தை ஒருக்கால் ஆடவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதற்கு நான்கு சோடி வேண்டும். ஒருவர் அக்கோடியன் வாசிக்க வேண்டும், இன்னொருவருக்கு இடுப்பில் ஒப்பரேஷன். மிச்சம் ஆறு பேர். மூன்று வருசமாக ஆட்டமே இல்லையாம். வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், ஆடமாட்டார்களாம். எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

குணம் எங்கள் கலியாணத்திலேயே கதிரையை விட்டு எழும்பாதவர். "ஐயோ, என்னை விடும்!"

"நான் ஒராள் காணாதப்பா. அந்த மனுசி நாளைக்குப் போகுது. எழும்புங்கோ."

எழும்பினார். கடவுளே, என்ன கூத்து! எல்லோரும் வலப்பக்கம் சுற்ற, இவர் இடப்பக்கம் போய் முட்டினார். பிரிஜித் கொலரில் பிடித்துத் திருப்பினார். கடைசியில் குணம் சப்பாத்துக் காலால் பிரிஜித்தின் பாதத்தையே மிதித்துவிட்டார். இவர் முகம் செத்துப்போயிற்று. "நிப்பாட்டாதே!" என்று பிரிஜித் கத்தினார். ஆடி முடித்தபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. அவ்வளவு சந்தோசம்.

ஞாயிறு, காலை பத்து மணி. பிரிஜித்தின் இரண்டு பெட்டிகளும் படகில் ஏறியாயிற்று. அவர் கம்பு ஊன்றி, நொண்டி நொண்டித் துறைக்கு வந்தார். படகுக்கு இறங்கும் ஏணியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"சோன், இந்தக் காலோட இறங்கேலாது. பெட்டியளை இறக்கு. அடுத்த கிழமை பாப்பம்."

"அடுத்த கிழமை சுகமாயிடுமோ?"

"எனக்கென்ன தெரியும்? காலைக் கேள்."

சோன் பெட்டிகளைத் துறையில் இறக்கினார்.

"பாவம் மனுசி, எல்லாம் என்னாலைதான்" என்று குணம் படகு கிளம்பிய பிறகும் புலம்பினார். நான் அவர் தோளைத் தட்டி மேட்டைக் காட்டினேன். இரண்டு கையிலும் பெட்டிகளோடு பிரிஜித் விறுவிறென்று வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். கம்பு துறையில் கிடந்தது.