மச்சானுக்கு அவித்த மீன்

மச்சான் அரிந்த இஞ்சி தையல் நூல் போல இருக்கும். என் மனைவியின் நானா, அதாவது அண்ணன், அவர். கட்டாரில் ஒரு ஹோட்டலின் சீனச் சமையல் பகுதியில் பதினாறு வருடம் வேலை செய்தவர். லீவில் கற்பிட்டிக்கு வந்தால், ஒரு நாளாவது எங்கள் குசினி அவருடையதாகிவிடும். களப்பில் பிடித்த கொடுவா மீன் ஒன்றைக் கழுவி, முதுகில் மூன்று இடத்தில் கீறி, இஞ்சியும் வெள்ளைப்பூடும் வைத்து ஆவியில் அவிப்பார். இறக்கியதும் வெங்காயத் தாள், சில சொட்டு சோயா சோஸ், அரை தேசிக்காயின் புளி. அவ்வளவுதான். தேங்காய்ப்பாலில் சிவக்கச் சிவக்க ஆக்கிய குழம்பில் வளர்ந்தவன் நான். "இது நோயாளிட சாப்பாடு மச்சான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சாப்பிட்டுட்டுக் கதைங்க" என்றார்.

கட்டார் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட இரண்டாம் வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது, ஒரு சொல்லைத் தவிர. எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். வேண்டாம் என்பதற்கும், வலிக்கிறது என்பதற்கும் அதே ஓம்தான். தனியாளாக இருந்தவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். உப்பு, எண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் டொக்டர் குறைக்கச் சொன்னார்.

சென்ற வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மனைவி மதுரங்குளிக்குப் போனாள். போகும்போது, "நானா செய்வாரே, அந்த மாதிரி மீனை அவிச்சுக் குடுங்க. பார்த்துத்தானே இருக்கிறீங்க" என்றாள். பார்த்திருந்தேன்தான். ஆனால் நான் வெங்காய லொறி ஓட்டுகிறவன்; அப்படி ஒருவன் பார்க்கிற மாதிரிப் பார்த்திருந்தேன்.

முதல் நாள் அவர் கதிரையைக் குசினி வாசலில் போட்டேன். என் இஞ்சித் துண்டுகள் விறகுச் சிராய் போலக் கிடந்தன. இடியப்பம் அவிக்கிற பானையில் தண்ணீர் கொதித்ததும் மீனை ஒரு பீங்கான் தட்டில் வைத்து உள்ளே இறக்கி மூடினேன்.

"தண்ணி போதுமா மச்சான்?"

"ஓம்."

"கூடிட்டா?"

"ஓம்."

இறக்கியபோது அவர் இடக்கையால் கதிரைக் கையில் தட்டத் தொடங்கினார். விரலைப் பீங்கானை நோக்கி நீட்டினார். தேசிக்காயைக் காட்டினேன். தட்டல் நிற்கவில்லை; அது இல்லை. மீனை மறுபடி அடுப்பில் வைத்தேன், எடுத்தேன். அதுவும் இல்லை. அவர் முகம் சிவந்தது. "ஓம், ஓம், ஓம்" என்று ஒவ்வொன்றையும் வெவ்வேறு குரலில் சொன்னார். நெஞ்சுக்குள் ஒரு முழு வசனம் நின்று முட்டுவது எனக்குத் தெரிந்தது. அதை வெளியே எடுத்துவிட என்னிடம் எந்த வழியும் இல்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஊட்டினேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் தட்டுவதையும் விட்டுவிட்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல இன்று வெட்கமாக இருக்கிறது. அவருக்கு மீனைக் கொடுத்துவிட்டு, நான் சந்திக் கடையில் வாங்கிய பரோட்டாவும் இறைச்சிக் கறியும் சாப்பிட்டேன்.

மூன்றாம் கிழமை, ஒரு நாள் அந்தியில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ஊட்ட உட்கார்ந்தேன். மச்சான் என் கையை விலக்கினார். இடக்கை விரல்களால் கொடுவாவின் கன்னத்துச் சதையைக் கிள்ளி எடுத்தார். மீனில் ஆக மிருதுவான இடம் அது. கறிக் குழம்பு சொட்டுவது போல அதிலிருந்து கலங்கல் தண்ணீர் சொட்டியது. அதை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

வாங்கிச் சாப்பிட்டேன். மீனின் வெடில் நாற்றம் தொண்டையில் ஏறியது. அப்போதுதான் அவர் செய்வது ஞாபகம் வந்தது. ஆவியில் இருக்கும்போது மீனிலிருந்து கசியும் தண்ணீர் பீங்கானில் தேங்கிவிடும். அதைக் கொட்டிவிட்டுத்தான் அவர் சோஸ் ஊற்றுவார். நான் ஒரு நாளும் கொட்டவில்லை. அந்தத் தண்ணீரில் ஊறிய மீனைத்தான் இத்தனை நாளும் அவருக்கு ஊட்டியிருக்கிறேன். நான் விழுங்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மனைவிதான் அவிக்கிறாள். நல்ல மணமாக இருக்கிறது. நானும் அதையே சாப்பிடுகிறேன். மீனின் நல்ல இடத்தை எனக்குத் தர நினைத்தாரா, நான் செய்கிற பிழையைக் காட்ட நினைத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. மச்சான் பக்கத்தில்தான் இருக்கிறார். கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும்.