வலிக்காத இடம்

கண் ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவையும் என் மனைவியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருகிறவர் ஆணா பெண்ணா என்று சேலையின் நிறத்தை வைத்துத்தான் சொல்லுவாள். வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள். ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும் என்றார்கள். ஆனால் சுகர் இறங்காமல் கண்ணில் கை வைக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அவளோ காலையும் ராத்திரியும் தவறாமல் இன்சுலின் போடுகிறவள். டாக்டரும் ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டித்தான் எழுதினார். அப்படியும் இறங்கவில்லை.

எனக்குப் பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. படிப்பு எட்டாவதோடு சரி. கடையில் உட்கார்ந்து பழகியவனுக்கு எதையும் ஒரு தரம் நிறுத்துப் பார்க்காமல் நம்பிக்கை வராது. முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். அவள் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். அங்கே கருப்பட்டியை இனிப்பு என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவள் குடித்து வைத்த காப்பி டம்ளரை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவுவேன். ஒரு நாள் பிடித்துவிட்டாள்.

"என்னத்தத் தேடுதிய?"

"எலி கிடக்கான்னு பாத்தேன்."

"எனக்குக் கண்ணுதான் தெரியல, காது நல்லாக் கேக்கும். எலி இப்படி மூச்சு வாங்காது."

அவளுடைய சந்தேகம் வேறு. மருந்துக்கடைக்காரர் ராத்திரி பிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிறார், அதனால் மருந்து கெட்டுப்போகிறது என்பாள். கடையை மாற்றினோம். பழைய கடைக்காரர் வழியில் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நம்ம பக்கமே காணோம்" என்று கேட்டால், வேட்டி நுனியைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொள்வேன்.

மருந்தை ஊசியில் ஏற்றிக் கொடுப்பது நான். குத்திக்கொள்வது அவள். தொப்புளுக்கு வலப்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, சரியாக அந்த இடத்திலேயே இறக்குவாள். முகம் சுளிக்க மாட்டாள். ஊசி மழுங்குகிற வரைக்கும் அதே ஊசிதான்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கச்சி மகள் வீட்டுக்கு வந்தாள். இங்கே ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிற பிள்ளை, இரண்டாம் வருஷம். சனிக்கிழமை ராத்திரி வந்து படுத்தவள், ஞாயிறு விடிந்ததும், "இன்னைக்கு ஊசியை நான் போட்டு விடட்டுமா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"காலேஜுல ஆளு கிடைக்கலையாக்கும்," என்றேன்.

"அங்க பொம்மைக்குப் போட்டாச்சு பெரியப்பா. வார்டுலயும் போட்டாச்சு."

"பொம்மை என்ன சொல்லிச்சு?"

"அது பாட்டுக்குப் பேசாம கிடந்துச்சு. பெரியப்பாமாரு யாரும் பக்கத்துல இல்லல்லா."

நான் பக்கத்திலேயே நின்றேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். நான் மருந்துக் குப்பியைக் குலுக்கித்தான் பழக்கம். அவள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பைய உருட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, குலுக்கினால் நுரைத்துவிடும், அளவு தப்பும் என்றாள். ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். புது ஊசி ஒன்றைக் கவரைக் கிழித்து எடுத்தாள்.

"நேத்துப் போட்ட ஊசி இருக்கே," என்றேன்.

"ஒரு ஊசிக்கு ஒரு தடவைதான் பெரியப்பா."

ஊசி செய்து விற்கிறவன் காலேஜுக்குள்ளும் புகுந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன். மருந்தை ஏற்றும்போது கோட்டைக் குனிந்து பார்த்தேன். டாக்டர் எழுதிய அளவுதான். ஆனாலும் என் கண்ணின்மேலேயே எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

அப்புறம் பெரியம்மாவின் வயிற்றை விரல் நுனியால் தள்ளித் தள்ளி அமுக்கிப் பார்த்தாள். வலப்பக்கம் வந்ததும் கை நின்றது.

"இங்கன கட்டியா இருக்கே பெரியம்மா. எப்பவும் இங்கனதான் குத்துவியளா?"

"ஆமாட்டி. அங்கன குத்தினா வலிக்காது."

"தடிச்சுப் போயிருக்கு, அதான் வலிக்கல. அதுக்குள்ள போட்டா மருந்து ஒழுங்கா ரத்தத்துல சேராது. எங்களுக்கு முதல்ல சொல்லிக் குடுத்ததே இதான். தினமும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடணும்."

இடப்பக்கம் மெத்தென்ற இடமாகப் பார்த்துத் துடைத்தாள். துடைத்தது காயட்டும் என்று காத்திருந்தாள். பயந்து நிற்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. சதையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து ஊசியை இறக்கினாள். என் மனைவி பல்லைக் கடித்தாள்.

"ஏளா, வலிக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்கத்தான் செய்யுது."

படிக்காத கை குத்தியபோது வலிக்கவில்லை, படிக்கிற கை குத்தினால் வலிக்கிறது. இதை நான் வாய்விட்டே சொன்னேன். அந்தப் பிள்ளை ஊசியை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். "அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுரணும், என்ன?" என்று பெரியம்மாவிடம் கேட்டாள். "சாப்பிடுதேன், நீ போயிக் குளி," என்றாள் இவள்.

அன்றைக்குக் கோவிலில் திருவிருந்து ஆராதனை, மாதம் ஒரு தடவை அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். திருவிருந்து எடுக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. சபையில் யாரும் சட்டம் போடவில்லை, நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு போவாள். திரும்பி வந்துதான் சாப்பாடு. மாதாமாதம் இப்படித்தான் நடந்தது. ஒன்றும் ஆனதில்லை.

பிரசங்கம் பாதியில் இருக்கும்போது பெண்கள் பக்கம் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால் என் மனைவி சாய்ந்து கிடக்கிறாள். தூக்கிக்கொண்டு வந்து வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தோம். வேர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்ன செய்கிறது என்று கேட்டால், கடையை அடைத்தாச்சா என்கிறாள்.

"சுகர் இறங்கிட்டு பெரியப்பா. சீனித்தண்ணி குடுக்கணும்," என்றது அந்தப் பிள்ளை.

எனக்கு மனசுக்குள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நேற்று வந்தாள், இன்றைக்குக் குத்தினாள், இதோ இப்படி. அளவைக் கூட்டிப் போட்டிருக்கிறாள். இப்போது மறைக்கப் பார்க்கிறாள்.

"சீனி வியாதிக்காரிக்குச் சீனியா? நீ செஞ்சது போதும். தள்ளி நில்லு."

அவள் நிற்கவில்லை. ஆராதனை முடிந்ததும் கொடுக்கிறதற்காகக் கோவிலுக்குப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"கையை எடுங்க பெரியப்பா," என்றாள். சத்தம் போடவில்லை.

எடுத்துவிட்டேன். நம்பி எடுக்கவில்லை. கர்த்தர்தான் எடுக்க வைத்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வைத்தாள். சற்று நேரத்தில் என் மனைவிக்கு முகம் தெளிந்தது. "எதுக்கு எல்லாரும் வெளிய நிக்கிய? திருவிருந்து முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். யாரோ கொடுத்த பன்னை அந்தப் பிள்ளை பிய்த்து அவள் கையில் வைத்தது.

"காலையில என்ன சாப்பிட்டிய பெரியம்மா?"

"திருவிருந்து அன்னைக்கு யாருட்டி சாப்பிடுவா?"

"சாப்பிடுதேன்னு சொன்னியளே."

"வந்து சாப்பிடலாம்னு இருந்தேன்."

அதைக் கேட்டும் என் சந்தேகம் போகவில்லை. மாதாமாதம் சாப்பிடாமல்தானே போகிறாள், இந்த மாதம் மட்டும் ஏன் விழுந்தாள்? மறுநாள் இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மருந்துக் குப்பியையும் ஊசி டப்பாவையும் சாட்சிக்குப் பையில் எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் குப்பியைப் பார்த்தார், அளவைக் கேட்டார். பிறகு வயிற்றின் வலப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். அங்கேயே வெகுநேரம் கை வைத்திருந்தார்.

"இவ்வளவு நாளும் போட்ட மருந்து பாதி இந்தக் கட்டியிலேயே நின்னுருக்கு. நானும் இதத் தொட்டுப் பாக்காம அளவக் கூட்டிக்கிட்டே வந்திருக்கேன். நேத்துதான் மருந்து முழுசா உள்ள போயிருக்கு. வயிறும் காலி. விழாம என்ன செய்வாங்க?"

அப்புறம் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். "இடத்த மாத்தினது சரிம்மா. ஆனா மாத்துததுக்கு முன்னால எங்கிட்ட வந்து அளவக் குறைச்சு வாங்கியிருக்கணும். சாப்பாட்டத் தட்டுல பாத்த பிறகுதான் ஊசியக் கையில எடுக்கணும்."

"சரி டாக்டர்," என்றாள். கண் நிறைந்துவிட்டது.

ஒரே தொழில்காரர்கள், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று அப்போதும் எனக்கு ஓடியது. ஆனால் குறைத்த அளவோடு, கட்டியை விட்டு விலகிப் போடப் போட, சுகர் இறங்கத் தொடங்கியது. ஊசி போடுகிற இடத்தை நான் தினமும் விரல் வைத்துத் தள்ளிக் காட்டுவேன், அவள் குத்திக்கொள்வாள். வலிக்கிறது என்பாள். வலிக்கட்டும் என்பேன். அடுத்த திருவிருந்துக்கு முன்னால் எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் போய்க் கேட்டோம். "சாப்பிட்டுட்டு வாங்கம்மா, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். அவளுக்கு அது முழுசாக இறங்கவில்லை. அன்று காலை இட்லியைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தின்றாள்.

மூன்றாவது தடவை கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பிள்ளையையும் வரச் சொன்னேன். என் மனைவியின் விரலில் குத்திச் சுகர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, இன்னைக்கே செஞ்சிரலாம்," என்றார் அங்கே ரத்தம் பார்க்கிற தம்பி.

"இன்னொரு விரல்ல பாருங்க," என்றேன்.

"எல்லா விரல்லயும் ஒரே ரத்தம்தான் அண்ணாச்சி."

"இருந்தாலும் பாருங்க."

முனகிக்கொண்டே புது ஊசி எடுத்துப் பார்த்தார். பிறகு ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நீட்டினார். நான் பேனாவை வாங்கவில்லை. சுகர் எழுதியிருந்த சீட்டை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.

"நீ பாத்துச் சொல்லு."

அவள் அவசரப்படாமல் வாசித்தாள். பெரியம்மா காலையில் என்ன சாப்பிட்டாள், ஊசி எத்தனை மணிக்குப் போட்டாள் என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு பெரியப்பா. கையெழுத்தப் போடுங்க."

போட்டேன்.