கடல்நாய்க்கு ஐஸ் போட்டவன்

பனிக்கடல் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது உலகத்தின் உச்சியில் இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். பள்ளிக்கூட வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்த ஆர்க்டிக்கைத் தவிர வேறெங்கும் கடல் உறையும் என்று மன்னாரில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே பூமிப்பந்தின் தென்கோடியில் நாங்கள் குடியேறிய கிரான்பர்னிலிருந்து மீன்பிடிக்கப் போன ஒரு குளிர்கால ஞாயிறு, கரையில் பெரிய கடல்நாய் ஒன்று அசையாமல் கிடக்கக் கண்டதும், பாவம், வடதுருவத்திலிருந்து வழிதவறி வந்து வெக்கையில் சாகிறது என்று முடிவு கட்டினேன். நான் இரண்டு சுவெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு இது சித்திரை வெயில் அல்லவா!

மன்னாரில் எங்கள் கரையில் ஆமை ஒதுங்கினால் ஈரச் சாக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றி, கடலுக்குள் தள்ளிவிடுவோம். என்னிடம் சாக்கு இல்லை. மீன்பெட்டியில் ஐஸ் இருந்தது. அள்ளி அதன் முதுகில் கொட்டினேன். கடல்நாய் தலையைத் தூக்கி வாயைத் திறந்தது. ஒரே வாயில் அத்தனை பல்லை நான் அதுவரை கண்டதில்லை. ஓடினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், உருண்டேன்.

யாரோ போன் பண்ண, வனவிலங்கு அதிகாரி ஒருத்தி வந்தாள். "இதற்கு ஐஸ் போட்டது யார்?"

கூட வந்திருந்த என் மனைவி மெற்றில்டா என் கையைக் கிள்ளினாள். "வாயைத் திறக்காதேங்கோ. வாற மாசம் சிற்றிசன்ஷிப். மிருகத்தைக் கரைச்சல்படுத்தின கேஸ் எண்டால் எல்லாம் முடிஞ்சுது."

அந்த நொடியிலேயே மனதுக்குள் என்னை ஊருக்குத் திருப்பியனுப்ப விமானத்தில் ஏற்றி, கட்டுநாயக்காவில் இறக்கியும் விட்டேன். ஆனாலும் ஒளிக்க மனம் வரவில்லை. "நான்தான். காப்பாற்றத்தான் போட்டேன்."

"அது சாகவில்லை, நித்திரை கொள்கிறது. தெற்கே அன்ராக்டிக் பனிக்கடலிலிருந்து வந்த களைப்பு. கிட்டப் போவது குற்றம்" என்றவள், கரைக்குக் குறுக்கே கயிறு கட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னாரில் எங்கள் கடலையும்தான் மூடினார்கள். யுத்தகாலத்தில் மீன்பிடிக்கத் தடை. மீறிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. எங்கள் நித்திரைக்கு யாரும் கயிறு கட்டவில்லை. இதை என் ஓட்டை ஆங்கிலத்தில் அவளிடம் சொல்லியே விட்டேன்.

"என்னத்துக்கப்பா அவளோட கொழுவுறியள்?" என்று சண்டைக்குப் பயந்து மெற்றில்டா நெற்றியில் சிலுவை போட்டாள்.

"கொழுவேல்லையடி. கடல்நாயைப் பாத்துப் பொறாமைப்படுறன்."

அதிகாரி அன்பாகக் கையைக் காட்டினாள். "தடை இங்கே மட்டும்தான். அந்தப் பக்கம் தாராளமாக மீன் பிடிக்கலாம்."

நான் போகவில்லை. கயிற்றடியில் நின்று, படமெடுக்கக் கிட்டப்போனவர்களையெல்லாம் விரட்டினேன். ஒரு சீவனாவது கரையில் பயமில்லாமல் படுத்தெழும்பட்டும்.

என்மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. கடல்நாய் பின்னேரம் எழும்பித் தன் கடலுக்குப் போனது. நாங்கள் கிரான்பர்னுக்குப் போனோம்.