கருவாட்டு வண்டும் அரிசி வண்டும்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தனியார் குடோனில் நான் சரக்குப் பரிசோதகன். ஒரு பாதியில் அரிசி மூட்டைகள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பழவேற்காட்டு மீனவப் பெண் கன்னியம்மா வாடகைக்கு எடுத்துக் கருவாடு அடுக்கியிருந்தார். கடலுக்குப் போக முடியாத மழைக்காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் சோறு.

ஒரு நாள் காலையில் அரிசியில் வண்டு பிடித்திருந்தது. மேனேஜர் என்னை நேராகக் கருவாட்டுப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே சாக்கின் மேலும் வண்டு ஊர்ந்தது.

“பாத்துக்கோய்யா, இங்கேர்ந்துதான் பூந்துகீது. ரிப்போர்ட் எழுதிக் குடு.”

நாற்றத்தில் அங்கே நிற்க முடியவில்லை. ஊர்ந்த வண்டுகளில் நாலைந்தைப் பொட்டலம் கட்டி, ‘கருவாட்டிலிருந்து பரவியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். மதியத்துக்குள் அத்தனை கருவாட்டையும் குழியில் கொட்டிச் சுண்ணாம்பு தூவி மூடிவிட்டார்கள்.

மறுநாள் கன்னியம்மா வந்தார். சண்டை போடுவார் என்று பயந்திருந்தேன். போடவில்லை.

“என் கருவாட்டுல கீற வண்டும் உன் அரிசில கீற வண்டும் ஒண்ணுதானா சார்? நீ பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. அவர் போன பிறகுதான் லென்ஸை எடுத்தேன்.

அரிசி வண்டு பொடிசு. முன்னால் நீண்ட மூக்கு. அதால் அரிசியைத் துளைத்து முட்டையிடும். புழு மணிக்குள்ளேயே இருந்து தின்று வளரும். கருவாட்டு வண்டு அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது, அந்த மூக்கு கிடையாது. அதன் புழுவுக்கு உடம்பெல்லாம் மயிர். கருவாடு இருந்த பக்கம் தரையிடுக்கில் அந்த வண்டுகள் சில மிச்சமிருந்தன. பிடித்து அரிசியோடு பாட்டிலில் அடைத்தேன். பத்து நாளில் ஒன்றையொன்று கடித்துத் தின்றனவே தவிர, அரிசியில் ஒரு துளை இல்லை.

பிறகு, கருவாட்டுச் சாக்கின் மேல் பிடித்து ரிப்போர்ட்டோடு வைத்த பொட்டலத்தைப் பிரித்தேன். அத்தனையும் மூக்குள்ள அரிசி வண்டு! எங்கள் காலிச் சாக்குகளைத்தான் கன்னியம்மா கருவாடு கட்ட வாங்கிப்போவது வழக்கம். வண்டு எங்களிடமிருந்துதான் அங்கே போயிருந்தது.

மேனேஜரிடம் சொன்னேன்.

“வுடுய்யா, பேஜாரு பண்ணாத. பொதச்சது பொதச்சதுதான்.”

பழவேற்காட்டுக்குப் போய்க் கன்னியம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. வலையைப் பிரித்தபடியே கேட்டார்: “இத்த அன்னிக்கே பாத்திருக்கலாமில்ல சார்?”

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, முதலில் லென்ஸை எடுங்கள், அப்புறம் பேனாவை எடுங்கள். நான் மாற்றி எடுத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு வீட்டில் உலை சரியாக ஏறவில்லை.