கரடி டூட்டிக்குப் போன கதை

வெளியே தார் உருகும் வெயில். வளைகுடா ஊரான புஜைராவில் நாங்களோ ரூமுக்குள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்குவோம். ஏசியைக் குறைத்தால் மேல்கட்டில்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். வெள்ளிக்கிழமை லீவுகளில் அப்படிச் சுருண்டு கிடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பின்லாந்துக் கரடி நினைவுக்கு வந்து தொலைக்கும். அதோடு தூக்கம் போச்சு. எழுந்து உட்காருவேன், படுப்பேன், மறுபடி எழுந்து உட்காருவேன்.

குடும்பத்தோடு ஃபிளாட்டில் இருந்த காலத்துக் கரடி அது. எங்கள் எண்ணெய்க் கிடங்கின் பின்லாந்து இன்ஜினியர், தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் ஒரு பழைய வீடியோ கேசட்டை என் மகள் கயலுக்குக் கொடுத்தார். கம்பளிப் பொம்மைகளை அசைத்து அசைத்துப் படம்பிடித்த, அவர் நாட்டுக் குழந்தைகளின் டிவி தொடர். பேச்சு ஒன்றும் புரியாததால் நானே கரடிக்கும் அணிலுக்கும் தமிழில் குரல் கொடுத்தேன். கரடி வயிறு முட்டத் தின்கிறது. அணிலிடம் ஏதோ சொல்லிவிட்டு ஒரு கதவுக்குள் போகிறது. ஊரெல்லாம் பனி. பனி உருகியதும் மெலிந்துபோய் வெளியே வந்து, காட்டுப் பாதையில் நடந்து மறைகிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. "கரடி மாமா டூட்டிக்குப் போறாரு. பனி உருகுனா லீவுல வருவாரு" என்றேன். மெலிந்து வந்ததுகூடப் பொருத்தமாகத்தான் இருந்தது. என் இடத்தில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

வாடகை ஏறியது. மனைவி செல்வியையும் கயலையும் மன்னார்குடிக்கு அனுப்பிவிட்டு ரூமுக்கு மாறினேன். கேசட்டும் அவர்களோடு போய்விட்டது. ஒருநாள் இன்ஜினியரிடம், கரடி எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறது, எப்போது லீவு என்று கேட்டேன். நான் லீவு கேட்பதாக நினைத்து, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார். கேசட்டை நினைவுபடுத்தியதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வேலையா? அது தூங்குகிறது, நண்பா. குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டில் தூங்கும்."

அந்தப் பயல் எங்கேயும் போகவே இல்லை! வீட்டிலேயே கிடந்தவனுக்கா நான் அணில் குரலில் விடைகொடுத்தேன்? ஒரு பொம்மைமேல் பொறாமைப்பட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கயலிடம் சொல்லவில்லை. "பனி உருகிருச்சாப்பா?" என்று அவள் போனில் கேட்பாள். "உருகிக்கிட்டே இருக்கும்மா" என்பேன்.

லீவில் போனபோது அவள் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள், கிட்டே வரவில்லை. கேசட்டைப் போட்டுக் கரடிக் குரலில் ஆரம்பித்தேன். பிள்ளை மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

"டூட்டியெல்லாம் இல்லப்பா. அது தூங்குது. மிஸ் சொன்னாங்க."

"அப்பாவுக்குத் தெரியாமப் போச்சும்மா."

"எந்திரிச்சப்புறம்தான் போயிருது, பாரு" என்று டிவியைக் காட்டினாள்.

அதன்பிறகு என்னை விட்டு அவள் நகரவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இங்கே இருந்தால் அங்கே, அங்கே இருந்தால் இங்கே என்று மனசு அலையும்.

கிளம்பும் நாள் மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தேன். வாசலில் கார் வந்து ஹாரன் அடித்ததும் விழிப்பு வந்துவிட்டது. செல்வி என்னை எழுப்ப வந்தாள். கயல் குறுக்கே நின்றுகொண்டாள்.

"எழுப்பாதம்மா. அப்பா எந்திரிச்சா போயிரும்."

சித்திரை வெயிலில், நான் வாங்கி வந்த கம்பளியைக் கழுத்துவரை எனக்குப் போர்த்திவிட்டிருந்தாள். வேர்த்துக் கொட்டியது. மறுபடி ஹாரன் அடித்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.